தும்பை தவிர மற்றதெல்லாம்

முதுகை வளைக்காமல் ஒரு வேலையை முடிக்கலாம் என்று எந்தத் தாளில் அச்சாகியிருந்தாலும் நான் நம்பிவிடுவேன். பல்பொடி விளம்பரத்தைக்கூட இரண்டு தடவை படித்துச் சந்தேகப்படுகிறவன், சோம்பலுக்கு ஆதரவாக ஒரு பத்தி கிடைத்தால் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றம் அப்படிக் கத்தரித்த ஒரு பத்தியால்தான் கெட்டது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில், மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதுகிற வேலை எனக்கு. அப்பா நகராட்சி வேலைக்காக இங்கே வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில். மலையாளம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, தமிழ் வாரப் பத்திரிகைகளிலிருந்து வந்தது. இரண்டு மொழி படிக்கத் தெரிந்தவனுக்கு ஏமாறவும் இரண்டு வழி என்பது அப்போது தெரியாது.

வீடு டீச்சருடையது. அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். பழைய ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, இடப்பக்கம் அவரும் வலப்பக்கம் நாங்களுமாக இருந்தோம். முன்னால் இருந்த முற்றம் இருவருக்கும் பொது. பதினோரு மாத ஒப்பந்தம், ஒவ்வொரு ஓணத்துக்குப் பிறகும் புதுப்பிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் வீடு பார்க்கிறவர்கள் அறை எத்தனை என்று கேட்பதற்கு முன் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இந்த வீட்டுக் குழாயில் காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்தது. "உங்கள விட்டாலும் விடுவேன், இந்தக் குழாய விடமாட்டேன்" என்று என் மனைவி சொன்னாள். அவள் அதை வேடிக்கைக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அத்தம் நாளுக்கு முன் முற்றத்துப் புல்லை வாடகைக்காரர் செத்தித் தரவேண்டும். மலையாளத்தில் செத்துவது என்றால் மண்வெட்டியால் மண்ணோடு சீவி எடுப்பது. கேரளத்தில் வீட்டு முன்னால் புல் முளைத்துக் கிடந்தால், அந்த வீட்டில் சாவு நடந்திருக்கிறது, இல்லையென்றால் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். அதுவும் சிங்க மாதத்தில், நம் கணக்கில் ஆவணியில், அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் பூக்களம் போடுகிற முற்றம் மொட்டையடித்த தலைபோல் இருந்தாக வேண்டும்.

ஆனால் முழு மொட்டையும் கூடாது. மதிலோரம் ஒரு மூலையில் இருபது இருபத்தைந்து தும்பைச் செடிகள் இருந்தன. அது டீச்சரின் உயிர். திருவோணக் காலையில், களிமண்ணில் செய்த கூம்பு வடிவ ஓணத்தப்பனை அரிசிமாவுக் கோலத்தின் மேல் வைத்து, அதன் தலையில் தும்பை சூட்டுவார். மற்ற பூவெல்லாம் கடையில் வாங்கலாம், தும்பை மட்டும் சொந்த முற்றத்திலிருந்து வரவேண்டும். அவர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு வருடம்கூட அது தவறியதில்லை.

முதல் வருடம் மண்வெட்டியை வாங்கி நானே இறங்கினேன். பாதி முற்றம் முடிந்தபோது குனிந்தவன் நிமிரவில்லை. எதிரே சாயாக்கடை வைத்திருந்த, தெருவுக்கே அண்ணனான இக்கா ஓடிவந்து தோளைப் பிடித்து, மடக்குக் கத்தியைத் திறப்பதுபோல் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். மூன்று நாள் படுக்கை. மீதிப் பாதியை என் மனைவி ஒரு காலை நேரத்தில், குழாயில் குடம் நிறையும் இடைவெளிகளில் முடித்தாள். அதை அவள் அப்போது பெரிதாகச் சொல்லிக்காட்டவில்லை. பிற்பாடு சொல்லிக்காட்டினாள்.

இரண்டாவது வருடம் ஆடி முடியும்போது அந்தப் பத்தி கண்ணில் பட்டது. காட்டுச் செடிகளைக் காய்ச்சி, வீட்டிலேயே இயற்கைக் களைக்கொல்லி. ஆடுமாடு தின்னாத இலைகளாகப் பறித்துக் கொதிக்கவைத்து, மூன்று நாள் புளிக்கவைத்து, உப்புச் சேர்த்துத் தெளிக்க வேண்டும். உப்பு எவ்வளவு என்பதற்கு, மீன்குழம்புக்கு எழுதுவதுபோல், "தேவையான அளவு" என்று போட்டிருந்தது.

டீச்சரிடம் போய், இந்த வருடம் மண்வெட்டி வேண்டாம், எல்லாம் விஞ்ஞான முறை என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற பார்வை அது.

"எடோ, புல்லு எங்ஙனெ வேணெங்கிலும் போய்க்கோட்டே. பக்ஷே ஆ தும்பயில் மாத்ரம் கை வெக்கண்டா."

"கையே வைக்கப் போறதில்ல டீச்சரே. அதுதானே இதோட குணம்."

"அதாணு எனிக்குப் பேடி" என்றார். பேடி என்றால் பயம்.

ஆடு தின்னாத இலை எது என்று எனக்குத் தெரியாது. ஆட்டுக்குத் தெரியும். மட்டாஞ்சேரி ஆடுகள் தெருவிலேயே வளர்ந்து, போஸ்டர், பீடிக்கட்டு, சணல்சாக்கு எல்லாம் தின்று நாக்குப் பழகியவை. அவையே ஒதுக்குகிற இலை என்றால் அதில் விஷயம் இருக்க வேண்டும். இக்காவிடம் வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு பெட்டை ஆடு இருந்தது. கிடங்குகளின் பின்புறம் போய் விதவிதமாக இலை பறித்து, ஒவ்வொன்றாக அதன் வாயருகே நீட்டினேன். எருக்கிலையைக் கண்டதும் தலையைத் திருப்பியது. தேர்வு. முருங்கையைத் தின்றது. தள்ளுபடி. என் முழங்கைச் சட்டையையும் தின்னப் பார்த்தது. நான் களைக்கொல்லி ஆகமாட்டேன் என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது.

"அண்ணாச்சி, இதெந்தா, ஆட்டினு பரீக்ஷயோ?" என்று இக்கா கேட்டார்.

"பரீட்சை எனக்கு இக்கா. பேப்பர் திருத்துறது அது."

கடைசியில் நான்கு செடிகள் தேறின. அதில் இரண்டைச் சொல்லியே ஆகவேண்டும். ஒன்றுக்கு இங்கே கம்யூனிஸ்டு பச்சை என்று பெயர். கட்சி பரவிய காலத்தில் அதுவும் ஊரெல்லாம் பரவியதாம். இன்னொன்று காங்கிரஸ் புல், தமிழ்நாட்டிலிருந்து வெங்காய மூட்டைகளோடு லாரியில் வந்து கிடங்கு வாசலில் முளைத்தது. கேரளத்தில் இரண்டு அணிகளும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிமாறி ஆள்கின்றன. இரண்டையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதன் பலன் உடனே தெரிந்தது. காங்கிரஸ் புல்லை வெறும் கையால் பறித்ததில் முழங்கை வரை தடித்து, நான்கு நாள் சொறிந்தேன்.

காய்ச்சியது முற்றத்திலேயே. மூன்று செங்கல், தேங்காய் மட்டை, பழைய அலுமினியப் பானை. அது கேரளத்தில் சாராயக் கடைகளை மூடியிருந்த சமயம். ஒரு மனிதன் பட்டப்பகலில் பானையை மூடிவைத்துக் கொதிக்கவிட்டு, மூன்று நாள் புளிக்கட்டும் என்று ஒதுக்கிவைத்தால் தெரு என்ன நினைக்கும்? அதுவரை என்னைப் பார்த்துத் தலையசைக்காதவர்கள்கூட நின்று குசலம் விசாரித்தார்கள். வழக்கமாக எனக்கு ஆறிப்போன சாயா தருகிற இக்கா, ஆவி பறக்கும் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சியே, எப்ப ரெடியாகும்?"

"புதன்கிழமை."

"நமக்கும் ஒரு குப்பி மாற்றி வெச்சேக்கணே."

"உங்க கடை பின்னால அவ்வளவு புல்லா இக்கா?"

அவர் சாயாவைத் திரும்ப வாங்கி, இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை பானையைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் என் மனைவி வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய புடவைத் துணியில் வடிகட்டினேன். உப்புக்கு வந்தேன். தேவையான அளவு என்றால் யாருக்குத் தேவையான அளவு? புல் நிறைய இருந்தது. ஆகவே கல்லுப்பும் நிறையப் போட்டேன், கொல்லும் வேலையில் கஞ்சத்தனம் கூடாது என்று. தும்பைச் செடிகளை மூங்கில் கூடைகளால் கவிழ்த்து மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, காற்றில் பறக்காமல் கல் வைத்தேன். பிறகு பூவாளியில் ஊற்றி, நிமிர்ந்து நின்றபடி, ராஜகுமாரன் தோட்டத்தில் உலாவுவதுபோல் முற்றம் முழுக்கத் தெளித்தேன். ஒரு சொட்டுக்கூடத் தும்பைமேல் விழவில்லை. அதை எங்கேயும் சத்தியம் செய்து சொல்வேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் புல்லெல்லாம் தலை சாய்ந்து பழுப்பாகிவிட்டது. வாழ்க்கையில் நான் தொட்ட காரியம் ஒன்று எழுதியிருந்தபடியே நடந்தது அதுதான் முதல் தடவை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கூடைகளைத் தூக்கித் தும்பையைப் பார்த்தார். பச்சையாக, வெள்ளைப் பூவோடு, சுகமாக இருந்தது.

"கொள்ளாமல்லோ" என்றார். நன்றாயிருக்கிறதே என்று அர்த்தம். முப்பது வருடம் நூற்றுக்கு நூறு போடாத ஒருவர் வாயிலிருந்து வந்த சொல். இரண்டு நாள் அதிலேயே மிதந்தேன். கிடங்கில் மூட்டைகளின் மேல் எழுதிய ஊர்ப்பெயர்கள்கூட அந்த இரண்டு நாள் அழகாக வந்தன.

மனைவி மட்டும் படியில் நின்று முற்றத்தை அளந்தாள்.

"எல்லாம் செத்துப்போச்சு, சரி. இனி இத ஆரு எடுக்கும்?"

"எதை?"

"செத்ததத்தான். அது தானா எந்திரிச்சுப் போகுமா?"

செத்த களையையும் குனிந்துதான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பத்தியில் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. அத்தத்துக்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம் தொடங்கிச் சாயங்காலம் வரை கொட்டியது. நான் ஜன்னலருகே உட்கார்ந்து, முற்றத்துத் தண்ணீர் எல்லாம் பழுப்பு நிறத்தில் ஓடுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். எங்கே ஓடுகிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. மதிலோரத்து மூலை முற்றத்திலேயே பள்ளமான இடம். பள்ளமாக, ஈரமாக இருந்ததால்தான் தும்பை அங்கே அப்படிச் செழித்திருந்தது. மேலிருந்து வரும் சொட்டுக்குக் கூடை கவிழ்த்தவன், கீழே ஓடிவரும் உப்புத் தண்ணீருக்கு ஒன்றும் செய்யவில்லை. முற்றம் முழுக்கத் தெளித்ததையெல்லாம் மழை பொறுப்பாகக் கூட்டிச் சேர்த்து, தும்பையின் வேரில் ஊற்றிவிட்டுப் போனது.

அத்தம் நாள் காலையில் டீச்சர் கூப்பிட்டார்.

"எடோ, இங்ஙோட்டு வா."

போனேன். தும்பைகள் கறுத்து, ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்து நட்டவைபோல் நின்றன. முற்றத்தில் மற்ற இடமெல்லாம் கோரை மட்டும் மண்ணைக் குத்திக்கொண்டு புதிதாக முளைத்திருந்தது. அதற்குக் கிழங்கு ஆழத்தில் இருக்கிறது. என் கஷாயம் அதுவரை போகவில்லை.

"இது எந்தாணு?"

"தும்பை... டீச்சர்."

"ஆயிருந்நு" என்றார் டீச்சர். தும்பையாக இருந்தது.

திட்டினால் பதில் சொல்லலாம். அவர் திட்டவில்லை. குனிந்து ஒரு செடியைத் தொட்டார், இலை கையோடு வந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "திருவோணத்தின் அந்நு காலத்து எனிக்குத் தும்ப வேணும். பாக்கி காரியம் பின்னே சம்சாரிக்காம்" என்று உள்ளே போனார். திருவோணத்தன்று காலையில் தும்பை வேண்டும், மிச்ச விஷயம் பிறகு பேசலாம் என்று அர்த்தம். மிச்ச விஷயம் என்பது ஒப்பந்தம். எனக்குப் பின்னால் நின்ற மனைவி குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தும்பை தேடினேன். அதற்கு முந்தைய வாரம்வரை என் கண்ணில் பட்ட செடியெல்லாம் களை. இப்போது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, சாக்கடை ஓரத்தையெல்லாம் பக்தியோடு பார்த்துக்கொண்டு போனேன். கிடங்குகளின் பின்புறம் எனக்கு வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. திருப்பூணித்துறை கோயில் ஊராயிற்றே என்று அங்கே போனால், தெருவோரம் முழுக்கச் சாக்குச் சாக்காகச் செண்டுமல்லியும் வாடாமல்லியும். எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்தவை, விற்கிறவர்களும் அப்படியே. தராசு பிடித்திருந்த ஒரு தம்பியிடம் தமிழில் கேட்டேன்.

"தும்பையாண்ணே? அது எடைக்கு நிக்காதுண்ணே. ஒரு கிலோ பறிக்கணும்னா ஒரு ஊரையே கூட்டிட்டு வரணும். செண்டு எடுத்துக்கங்க, ரெண்டு நாளைக்கு வாடாது."

"சாமிக்குத் தும்பைதான் வேணுமாம்."

"உங்க வீட்டு முத்தத்துல இருக்குமேண்ணே, சும்மாவே மொளைக்குமே" என்றான்.

சொந்த மொழியில் ஒருவன் அவ்வளவு பிரியமாகப் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. செண்டு வாங்காமலே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

திருவோணத்துக்கு முதல் நாள் உத்திராடம். அதற்கும் முந்தைய நாள், பஸ்ஸில் தேவரா வழியாகப் போகும்போது கண்டுபிடித்தேன். வீடு கட்டுவதற்காக வேலி போட்டுக் கருங்கல் இறக்கியிருந்த காலி மனை. கல் குவியலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குத் தும்பை, வெள்ளை வெளேரென்று. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன். வேலிக்குள் காலை வைத்ததும் காவலுக்கு இருந்த சேட்டன் ஒரு குடையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"எந்தா அண்ணாச்சி, எங்ஙோட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரம்மா, ஓணத்தப்பன், ஒப்பந்தம். களைக்கொல்லியை மட்டும் சொல்லவில்லை. அவர் மனையைச் சுற்றிப் பார்த்தார். நாளை மறுநாள் மனைக்காரர் குடும்பத்தோடு வருகிறார், வாசல் பக்கம் முழுக்கத் தொட்டாச்சிணுங்கி, குழந்தைகள் காலில் முள் குத்தும், பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்றார்.

"அண்ணாச்சி ஆ முள்ளு முழுவன் பறிச்சேக்கு. தும்ப எத்ர வேணெங்கிலும் எடுத்தோ."

முள் முழுவதையும் பறித்துப் போட்டால் தும்பை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். என் வாய் தானாகத் திறந்தது. "சேட்டா, இதுக்கு இயற்கையா ஒரு மருந்து..."

"எந்து மருந்து?"

"ஒண்ணுமில்ல" என்று குனிந்தேன்.

மூன்று மணி நேரம். முன்பின் தெரியாதவருடைய மனையில், வெறும் கையால், தொட்டாச்சிணுங்கியை வேரோடு பறித்தேன். தொட்டதும் இலைகள் மடங்கிச் சாதுவாகக் கும்பிடும், முள் மட்டும் நிமிர்ந்தே நிற்கும். சேட்டன் கல் குவியலின் மேல் உட்கார்ந்து, குடையால் திசை காட்டினார். "ஆ மூல கூடி. அவிடெ ஒண்ணு பாக்கி." டீச்சர் முற்றம் இதில் பாதிகூட இருக்காது என்ற கணக்கு அடிக்கடி மனதில் வந்தது. வந்தபோதெல்லாம் அதை விரட்டினேன்.

தும்பைப் பூவை அங்கேயே பறித்தால் மட்டாஞ்சேரி வருவதற்குள் வாடிவிடும். ஆகவே செடிகளை மண்ணோடு தோண்டி, சேட்டனிடமே கடன் வாங்கிய சிமெண்ட் வாளியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டத்தில் வாளியை மடியில் வைத்து, யார் முழங்கையும் படாமல் கையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இதெந்தா சாதனம்?"

"தும்பை."

"அது பறம்பில் வெறுதே உண்டாவுந்நதல்லே?" வெட்டவெளி நிலத்தில் சும்மா முளைப்பதுதானே என்கிறார்.

"எங்க வீட்டுல உண்டாகல்ல."

பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முற்றத்து மண்ணில் நட முடியாது, அது இன்னும் உப்பு. வாளியை எங்கள் வாசலில் நிழலில் வைத்தேன். அன்று சாயங்காலமே செடிகள் துவண்டன. என் மனைவி தன் குழாய்த் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நான் விரலால் தெளித்தேன். உத்திராடத்தன்று பூராவும் வாளியைச் சுற்றியே இருந்தேன். வெயில் வந்தால் நிழலுக்கு, காற்று வந்தால் சுவரோரத்துக்கு. இக்கா கடையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"அன்னைக்கு கொல்லான் வேண்டி மருந்து. இன்னைக்கு வளர்த்தான் வேண்டி வெள்ளம். அண்ணாச்சி, நிங்ஙள்க்கு எந்தா வேண்டது?"

"ரெண்டு பூ போதும் இக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டை இழுத்துப்போய் அன்று முழுக்கக் கடைக்குப் பின்னால் கட்டிவைத்தார்.

திருவோணக் காலையில் எழுந்து பார்த்தேன். வாளியில் பாதிச் செடி படுத்துவிட்டது. மீதியில் வெள்ளை தெரிந்தது. டீச்சர் குளித்து, கரை வைத்த முண்டு உடுத்து, ஓணத்தப்பனை முற்றத்தின் நடுவில் வைத்திருந்தார். அதைச் சுற்றி இருந்த இடத்தை என் மனைவி முந்தின நாளே செத்தி முடித்திருந்தாள். நான் வாளிக்குக் காவல் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. வாளியை இரண்டு கையாலும் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, பூங்கொத்து முழுசாக இருந்த ஏழு நுனிகளைக் கிள்ளினார். ஓணத்தப்பன் தலையில் ஒவ்வொன்றாகச் சூட்டினார். ஏழாவதை வைத்தபின் கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார். முகம் இளகியது. நான் மூச்சு விட்டேன்.

"சொந்தம் முற்றத்தில்நிந்நு அல்ல" என்றார் திரும்பாமலே.

"இல்ல டீச்சர்."

"எந்நாலும் தான் கொண்டுவந்நு." ஆனாலும் நீ கொண்டுவந்தாய் என்றார்.

மத்தியானம் சாப்பாடு அவர் வீட்டில். பாயசம் முடிந்ததும் ஒப்பந்தத்தாளை எடுத்துவந்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. முற்றத்தைப் பற்றிய வரியில், கரும்பலகையில் எழுதுகிற அந்த உருண்டை எழுத்தில், புதிதாக ஒரு சொல்: 'கையால்'. அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து, திருப்தியாக இலையை மடித்தாள்.

அந்த வீட்டில் அதற்குப்பின் ஒன்பது ஓணம் கழித்தோம். ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல் அங்கேயே இருந்தது. அன்று ஒப்பு, அதாவது கையெழுத்து, போடும்போது தேவராவின் செம்மண் என் நகக்கண்ணில் இன்னும் மிச்சம் இருந்தது, முள் கீறிய இடத்தில் ஈரமும் இருந்தது. தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை விழுந்துவிட்டது. வேறு தாளில் எழுதலாமா என்று கேட்டேன். டீச்சர் கண்ணாடியை இறக்கி அதை உற்றுப் பார்த்தார்.

"சாரமில்ல. அது அவிடெ கிடக்கட்டே" என்று, பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார். "சாட்சிக்கு ஒரு ஒப்பு வேண்டே?"